ஒரு கைப்பிடி அவித்த மா

கனகராயன்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிழக்கே போகிற மண் தெருவில் இரண்டு மைல்கட்டை நடந்தால் குளத்தடி வளவு வரும். ஒரு காலத்தில் நீர்ப்பாசன எஞ்சினியர்மார் இருந்த பங்களா அது. கூரை போய், சுவரில் ஆலங்கன்று முளைத்து, பாம்புகளுக்குச் சொந்தமாகக் கிடந்ததை இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த ஜனார்த்தனன் என்பவர் வாங்கித் திருத்தி, ஆறு அறைகள் கொண்ட விடுதியாக்கினார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் சனம் அங்கே தங்கும். குளத்தையும் கொக்கையும் படம் பிடித்து, 'சொந்த மண்' என்று எழுதி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் நுளம்பு கடித்ததும் கொழும்புக்குப் புறப்பட்டுவிடும். அறையைக் குறை சொன்னவர்கள் உண்டு, தண்ணீரைக் குறை சொன்னவர்கள் உண்டு. சாப்பாட்டை மட்டும் ஒருவரும் குறை சொன்னதில்லை. அது சிவலட்சுமியின் கை.

சிவலட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. அளவு கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. லண்டன்காரி ஒருத்தி கொப்பியும் பேனையுமாகக் குசினிக்குள் வந்து எத்தனை கரண்டி என்று கேட்டபோது, "கரண்டிக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலதான் பிள்ளை. இஞ்ச கைதான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். சாப்பாட்டை மிச்சம் விடுகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. தட்டில் கறி மிஞ்சி வந்தால், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கே போய்விடுவாள். "என்ன, வாய்க்குப் பிடிக்கேல்லையோ?" என்று அவள் கேட்கிற கேள்விக்குப் பயந்தே நாலு பேர் வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஜனார்த்தனன் இதற்காக ஒருமுறை கண்டித்தார். அன்று மத்தியானம் அவள் வைத்த கணவாய்க் கறியைச் சாப்பிட்ட பிறகு அவரும் விட்டுவிட்டார்.

இப்படி ஊரெல்லாம் மெச்சிய கையை ஒருத்தி மட்டும் ஒதுக்கினாள். அவள் பெற்ற ஒரே மகள்.

பிரஷாந்தினி கல்யாணம் கட்டி வவுனியாவுக்குப் போய் ஆறு வருடம். அங்கே ஒரு நூலகத்தில் வேலை. புருஷன் நிருஷன் பள்ளிக்கூட வாத்தி, நல்ல பிள்ளை. முதல் மூன்று வருடம் தாய் வீட்டுக்கு வந்தால் வைத்ததைச் சாப்பிட்டாள். பிறகு என்ன பிடித்ததோ, "சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அம்மா" என்று சொல்லத் தொடங்கினாள். வெறும் தேத்தண்ணி குடிப்பாள். நெடுக நிற்க வேண்டி வந்தால் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவாள். தாய் வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிற மகளை எங்கேயாவது கண்டதுண்டா? வவுனியாக்காரியாகிவிட்டாள், பட்டிக்காட்டுச் சமையல் இறங்காது என்று சிவலட்சுமி தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

போன தீபாவளிக்கு அது வெடித்தது. இரண்டு நாள் பாடுபட்டுப் பயித்தம் பணியாரம் சுட்டிருந்தாள். நிருஷன் ஏழு சாப்பிட்டான். மகள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்ர கையில என்ன நஞ்சோ இருக்கு?" என்று மருமகனுக்கு முன்னாலேயே கேட்டாள் சிவலட்சுமி.

பிரஷாந்தினி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். மகளுக்குக் கோபமோ துக்கமோ வந்தால் பேச்சு நின்றுவிடும். தாய்க்கு வந்தால் பேச்சு நிற்காது. பேச்சோடும் நிற்கவில்லை. பணியாரத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்துக் கோழிகளுக்குக் கவிழ்த்துக் கொட்டினாள். "இனி என்ர வீட்டுச் சாப்பாடு சாப்பிடுற எண்ணம் இருந்தால் வா. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதை" என்றாள்.

மகள் வரவில்லை. ஒன்பது மாதம் போய்விட்டது. நிருஷன் கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பான். "அவ சுகமோ?" என்று இவள் கேட்பாள். "சுகம் மாமி" என்பான். அவ்வளவுதான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்தால் அந்தச் சொல் உதவவில்லை. தன் சமையலை மகள் ஒரு பிடி சாப்பிட்டால் போதும் என்று இருந்தது.

ஆடி பிறந்ததும் வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கியது. ஒருநாள் காலை ஜனார்த்தனன் போனைப் பார்த்தபடி குசினிக்குள் வந்தார்.

"சிவலட்சுமி, டென்மார்க்கில இருந்து ஒரு தகப்பனும் மகளும் வருகினம். நாலு நாள் நிப்பினம். பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. பாண், பணிஸ், நூடில்ஸ் ஒண்டும் குடுக்கக்கூடாது."

"ஆகாதெண்டால்? மேல் கடிச்சுத் தடிக்குமோ ஐயா?"

"இல்லை. குடல் புண்ணாகுமாம். சாப்பிடுற சத்து ஒண்டும் உடம்பில ஊறாதாம். கொஞ்சம் பட்டாலே காணுமாம், வருத்தம் வந்திடுமாம்."

சிவலட்சுமி சிரித்தாள். "பணக்கார வருத்தம் போல. சோறும் புட்டும் திண்டு வளந்த சனத்துக்குக் கோதுமை இல்லாமல் சமைக்கிறது ஒரு வேலையே? நீங்கள் போய் அறையைப் பாருங்கோ."

அவள் பொய் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். வன்னியில் ஒரு குசினிக்குள் போய், இது என்ன புட்டு என்று கேட்டால், அரிசிமாப் புட்டு என்பார்கள். அதில் ஒரு கைப்பிடி அவித்த கோதுமை மா கிடக்கும். அரிசி மா தனியே என்றால் புட்டு சில நேரம் கல்லாகும், ஆறினால் உதிரும். அவித்த மா கொஞ்சம் சேர்ந்தால் பூப்போல வரும். நிவாரணத்துக்குக் கோதுமை மா தந்த காலத்தில் பழகிய கை அது. இடியப்பத்துக்கும் அந்தக் கைப்பிடி, தோசைக்கும் அந்தக் கைப்பிடி. அதை ஒருவரும் கோதுமை என்று எண்ணுவதில்லை. உப்புப் போட்ட கறியை உப்புக்கறி என்று யார் சொல்கிறார்கள்?

தகப்பனும் மகளும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். தகப்பன் நிரஞ்சன், கிளிநொச்சியில் பிறந்தவன், நாற்பது வயதிருக்கும். மகள் சாரங்காவுக்கு ஒன்பது வயது. வந்ததும் வராததுமாகக் குசினி வாசலில் நின்று, "அன்ரி, இண்டைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டாள். சிவலட்சுமிக்கு அந்தக் கணமே பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. சிவப்பரிசிப் புட்டு அவித்து, இறால் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தாள். சாரங்கா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டைத் தூக்கிக் காட்டினாள், ஒரு பருக்கை இல்லை.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிள்ளை வரவில்லை. எட்டு மணிபோல நிரஞ்சன் மட்டும் குசினிக்கு வந்தான். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு விடிய விடியச் சத்தியும் வயித்துக்குத்தும். நேற்றுப் புட்டுக்குள்ள என்னென்ன போட்டனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுவியளோ?"

"அரிசி மா, தேங்காய்ப்பூ, உப்பு. வேற என்ன தம்பி?"

அவன் சுவர்த்தட்டில் இருந்த தகரங்களைப் பார்த்தான். ஒன்றைத் தொட்டு, "இது?" என்றான்.

"அது அவிச்ச மா."

"கோதுமை மாவோ?"

"ஓம். அது ஒரு கைப்பிடிதானே தம்பி. புட்டு மெத்தெண்டு வரத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது. நிரஞ்சன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், அவளும் இரண்டு வார்த்தை திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தான்.

"உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை அக்கா. நானே இரண்டு வருசம் என்ர பிள்ளைக்கு இதைத்தான் செய்தனான். மூண்டு வயசில வயிறு மட்டும் பானை மாதிரி. கையும் காலும் குச்சி. ஒரே வயித்தோட்டம். எங்கட ஆக்கள் என்ன செய்வினம்? வயித்தால போற பிள்ளைக்குச் சோறு குடுக்கப்படாது, பாண் குடு, ரஸ்க் குடு, பிஸ்கற்றைத் தேத்தண்ணியில தோய்ச்சுக் குடு. நானும் குடுத்தன். குடுக்கக் குடுக்கப் பிள்ளை தேஞ்சுகொண்டு போச்சு. பிறகு டொக்டர் ஒருத்தி இரத்தம் சோதிச்சுப் பாத்திட்டு, கோதுமையை நிப்பாட்டுங்கோ எண்டா. மூண்டு மாசத்தில பிள்ளை வேற பிள்ளை. நான் மருந்தெண்டு நினைச்சுக் குடுத்ததுதான் வருத்தம்."

சிவலட்சுமி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அவன் தன் மகளின் கதையைத்தான் சொன்னான். அவளுக்கு வேறு ஒரு பிள்ளையின் வயிறும் கையும் காலும் கண்ணுக்குள் வந்து நின்றன.

பிரஷாந்தினிக்கு அப்போது பத்து வயது. சமாதான காலம், பாதை திறந்திருந்தது, வயல் நல்லாய் விளைந்தது. முன் அறையில் நெல்மூட்டை முகடு முட்ட அடுக்கியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளையின் பருமனில் இருந்தாள். பூச்சிமருந்து கொடுத்தாள் சிவலட்சுமி. நாவூறு பார்த்தாள். நூல் கட்டினாள். வயிற்றால் போகிற ஒவ்வொரு தரமும் சோற்றை நிறுத்தினாள். காலையில் பெரிய தெருவுக்குப் பாண் பெட்டி கட்டிய சைக்கிள் வரும். அதற்காக விடியவே எழும்பி இரண்டு கட்டை நடந்து போவாள். மழையென்றால் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவாள். சுடச்சுட ஒரு றாத்தல் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள். நெல் நிறைந்த வீட்டிலிருந்து நடந்து போய்ப் பாண் வாங்கி வந்து பிள்ளைக்குத் தீத்திய அந்த அக்கறையை இத்தனை வருடமாக அவள் பெருமையாகத்தான் நினைத்திருந்தாள். வேறு யார் இப்படிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டும் இருக்கிறாள்.

ஒருநாள் வயலால் வந்தபோது பிள்ளை குசினிக்குள் குந்தியிருந்து, பானையில் கையை விட்டுப் பழஞ்சோறு அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். வருத்தத்தோடு களவுமா என்று சிவலட்சுமிக்குக் கண் மண் தெரியவில்லை. அகப்பைக் காம்பால் முதுகிலும் காலிலும் அடித்தாள். காம்பு முறிந்தது. அடியாத மாடு படியாது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அதன் பிறகு பிள்ளை சோறு கேட்டதேயில்லை. கொடுத்ததைப் பேசாமல் தின்றாள். ஒரு அடியோடு திருந்திவிட்டாள் என்று அதையும் தாய் பெருமையாகச் சொன்னாள்.

இன்னொன்றும் அவளுக்கு நினைவு வந்தது. முள்ளிவாய்க்காலில், போரின் கடைசி மாதங்களில், அரிசிக் கஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுவும் கிடைத்த நாளுக்குத்தான். எல்லோரும் எலும்பாய்ப் போன அந்த நாட்களில் பதினாறு வயது மகளுக்கு வயிற்றோட்டம் நின்றது. பயத்தில் குடல் இறுகிவிட்டதாக்கும் என்று தாய் நினைத்தாள். பிறகு முகாமில் மா கொடுத்தார்கள். நாள்தோறும் ரொட்டி. பிள்ளை திரும்பவும் படுத்தாள். கண்ணுக்கு முன்னால் நடந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் தெரியவில்லை.

"அக்கா, ஏன் அழுறியள்? பிள்ளைக்கு இப்ப பறவாயில்லை" என்றான் நிரஞ்சன்.

"உங்கட பிள்ளைக்காக இல்லைத் தம்பி" என்றாள்.

அதற்குப் பிறகு இருந்த மூன்று நாளும் அவள் சமைத்தது சமையலே அல்ல, விரதம். கோதுமை மாத் தகரத்தைக் கொண்டுபோய் வெளியே களஞ்சிய அறைக்குள் வைத்தாள். பலகையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஜனார்த்தனனைக் கொண்டு புதுச் சட்டி, புது அகப்பை, புட்டு அவிக்கிற புது நீத்துப்பெட்டி எல்லாம் வாங்குவித்தாள். நிரஞ்சன் பெருங்காயத் தூளின் டப்பாவைத் திருப்பி எழுத்தைக் காட்டினான், அதற்குள்ளும் கோதுமை மா இருந்தது. "இதுக்குள்ளயுமோ!" என்று அதையும் தூக்கிப் போட்டாள். சோறும் பருப்பும் மீனும் கீரையும்தான் சாரங்காவுக்கு. அளவு கேட்டால் சீறுகிற மனுஷி, ஒவ்வொரு சட்டியிலும் போட்டதை விரல் விட்டு எண்ணி அந்தத் தகப்பனுக்கு ஒப்புவித்தாள். மூன்றாம் நாள் பிள்ளை எழும்பிக் குளக்கரை முழுக்க ஓடித் திரிந்தாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சிவலட்சுமிக்கு அந்தப் பழமொழியைச் சொன்னவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருந்தது.

அவர்கள் போன அடுத்த ஞாயிறு அவள் லீவு கேட்டாள். வாசல் மிதிக்காதே என்று சொன்னவள் தான் என்பதால், போன் எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. விடியப் புட்டு அவித்தாள். தனி அரிசி மா, புதுச் சட்டி, புது நீத்துப்பெட்டி. ஒரு துளி கோதுமை இல்லை. புட்டுக் கொஞ்சம் கல்லாகத்தான் வந்தது. அதைப் புதுப் பெட்டியொன்றில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒன்றைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். 'பிள்ளை, உனக்கு இருக்கிறது என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது. அம்மா தெரியாமல் செய்துபோட்டன். என்னை மன்னிச்சுக்கொள்.' மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாழ்க்கையில் யாரிடமும் பாவித்ததில்லை. சொல்லும்போது நாக்கு முரண்டு பிடித்தது.

கதவைத் திறந்த பிரஷாந்தினி ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்கோ அம்மா. வெயிலுக்குள்ள வாறியள்" என்றாள். ஒன்பது மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிருஷன் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, சந்தைக்குப் போய் வருகிறேன் என்று நல்ல புத்தியோடு வெளிக்கிட்டுப் போனான்.

சிவலட்சுமி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்த வாக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். டென்மார்க் பிள்ளை, கைப்பிடி மா, குடல் புண், பாண், ரஸ்க். "பிள்ளை, உனக்கும் அந்த வருத்தம்தான். எனக்கு நல்லாத் தெரியுது. நீ ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பார்" என்று முடித்தாள்.

பிரஷாந்தினி எழும்பிப் போய்க் குசினிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே சுவரில் இரண்டு தட்டு. ஒன்றில் நிருஷனின் பாண், பிஸ்கற். மற்றதில் அரிசி, உழுந்து, பயறு, குரக்கன், எல்லாம் மூடிய போத்தல்களில்.

"எனக்குத் தெரியும் அம்மா. மூண்டு வருசமாத் தெரியும். உடம்பில இரத்தம் காணாது, காணாது எண்டு கொழும்புக்கு அனுப்பிச் சோதிச்சவை. அப்பதான் பிடிபட்டது."

தாய்க்கு விளங்க நேரம் எடுத்தது. மூன்று வருடம். சாப்பிட்டிட்டு வந்தனான் என்ற மூன்று வருடம். கோழிக்குக் கொட்டிய பணியாரம். அதன் மேல்மாவும் கோதுமைதான். முதல் மூன்று வருடம் தாய் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய் இந்த வீட்டில் எத்தனை நாள் படுத்திருப்பாள்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்கிறார்கள். அவள் அந்த வயிற்றைப் பத்து மாதம் தன் வயிற்றுக்குள் வைத்திருந்தவள்.

பெட்டியைத் திறந்து நீட்டினாள். "இதில ஒரு துளி கோதுமை இல்லை. சட்டியும் புதுசு. ஒரு வாய் சாப்பிடு."

பிரஷாந்தினி பெட்டியை வாங்கினாள். முகர்ந்தாள். அவள் முகத்தில் ஆசை தெரிந்தது, அதைத் தாய் கண்டாள். "மா எங்க அரைப்பிச்சனீங்கள் அம்மா?"

"எங்கட மில்லிலதான்."

சொன்னதும் அவளுக்கே வெளித்தது. அந்த மில்லில் சீனி வருத்தம் உள்ள சலரோகக்காரர் எல்லோரும் குரக்கனோடு கோதுமையும் கலந்து கொண்டுபோய்த்தான் அரைப்பிக்கிறார்கள். ஒரே கல், ஒரே வாய்.

பிரஷாந்தினி மூடியை மெல்லப் போட்டு அழுத்தினாள். "அவர் சாப்பிடுவார் அம்மா. உங்கட புட்டெண்டால் அவருக்கு உயிர்" என்று சொல்லி, அதை நிருஷனின் பாண் இருந்த சுவர்த்தட்டில் வைத்தாள்.

"ஏன் பிள்ளை?" என்றாள் சிவலட்சுமி. "மூண்டு வருசம். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா உங்களுக்குத் தாங்காதெண்டு நினைச்சன். அவர் சொல்லத்தான் வெளிக்கிட்டவர், நான்தான் மறிச்சனான்." போத்தல் ஒன்றின் மூடியைத் திருகி இறுக்கினாள். "அதோட, நான் சொன்னனான் அம்மா."

"எப்ப?"

"அஞ்சாம் வகுப்பில. நீங்கள் கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனீங்கள். பாண் திண்டாத்தான் வயிறு நோகுது, சோறு திண்டா நோகேல்லை எண்டு சொன்னனான். பொய் சொல்லாதை எண்டனீங்கள். அடுத்த நாளும் வந்து சொன்னனான். பிறகு சொல்லேல்லை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். சிவலட்சுமி அந்தக் கிணற்றடியைத் தேடினாள். தோய்க்கிற கல் நினைவிருந்தது. சவர்க்கார வாசம் நினைவிருந்தது. பக்கத்தில் நின்ற வாழைகூட நினைவிருந்தது. அங்கே வந்து நின்ற பிள்ளை மட்டும் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. பொய் சொல்கிறாய் என்று மகளுக்குச் சொல்ல முடியாது. அவளுக்கு ஒருநாளும் பொய் சொல்லத் தெரியாது. அப்படியென்றால் பிள்ளை வந்திருக்கிறாள், சொல்லியிருக்கிறாள், அவள் காதில் அது விழக்கூட இல்லை.

பிரஷாந்தினி தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். பருப்பு, பூசணிக்காய்க் கறி, மீன் பொரியல். "சாப்பிடுங்கோ அம்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணம் கட்டி ஆறு வருடத்தில், மகள் தன் கையால் சமைத்துப் போட்டு அவள் சாப்பிடுவது அதுதான் முதல் தரம். இந்த வீட்டுக்கு வந்த நேரமெல்லாம் தன் சமையலைச் சுமந்துகொண்டே வந்தவள் அவள். சோற்றைப் பிசைந்தாள். இப்போது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். பஸ்ஸில் சொல்லிப் பழகிய வார்த்தை வாய்வரை வந்தது. மகள் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூசணிக்காய்க்கு உப்புக் காணாது" என்றாள் சிவலட்சுமி.

பிரஷாந்தினி எழும்பிப் போய் உப்பு எடுத்து வந்து கொடுத்தாள். "ஓம் அம்மா, நான் எப்பவும் குறைச்சுத்தான் போடுறனான்" என்றாள். அவ்வளவோடு அது முடிந்தது. பிறகு வெயிலைப் பற்றியும், நிருஷனின் இடமாற்றத்தைப் பற்றியும் கதைத்தார்கள். மூன்று மணிக்கு மகள் பஸ் நிலையம் வரை வந்து, யன்னல் கரையில் இடம் பிடித்து ஏற்றிவிட்டாள். "அடுத்த மாசம் வாறன் அம்மா. நான் அரிசி கொண்டு வாறன், நீங்கள் சமையுங்கோ" என்றாள். சிவலட்சுமி தலையாட்டினாள்.

பஸ் ஓமந்தை தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனவள் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லிவிட்டு வருகிறாள். எழும்பி மணியை அடிக்கலாமா என்று பார்த்தாள், கொண்டக்டர் முன்னுக்கு நின்று யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். இறங்கித் திரும்பிப் போனால் மட்டும் அந்தச் சொல் வந்துவிடுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. கனகராயன்குளம் வரும் வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.